சின்ன அறைக்கும் கடைக்கால் வேண்டும்!

கோடைக்கானலில் மார்கழிக் குளிர் எப்படிப்பட்டது என்பதை அநுபவித்தவர்களே அறிவார்கள். விடியற்காலையில் புல்வெளியின்மீது வெள்ளை வேட்டி விரித்தாற்போல் உறைபனி படிந்திருக்கும். கம்பளிக்குள் சுருண்டு கிடப்பவனுக்குக் காப்பி டம்ளரை வாங்கக்கூடக் கை நீளாது. அப்படிப்பட்ட குளிரில், வீட்டுக் கொல்லையிலே மரப்பலகைகளால் ஓர் அறை. அதன் மூலையில் ஓர் அடுப்பு. அடுப்பின்மேல் பழுக்கக் காய்ந்த கருங்கற்கள். அவற்றின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் 'குப்'பென்று கிளம்பும் ஆவி! அந்தச் சூட்டிலே கால் மணி நேரம் உட்கார்ந்து உடல் முழுவதும் வேர்த்து எழுந்தால் எப்படி இருக்கும்! யாருக்குத்தான் ஆசை வராது?

பின்லாந்து நாட்டார் இதற்குச் 'சௌனா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். சுமார் 55 லட்சம் ஜனத்தொகை கொண்ட அந்த நாட்டில் ஏறக்குறைய 30 லட்சம் சௌனாக்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். பிறப்பதும், நோயாற்றுவதும், இறந்தவரைக் குளிப்பாட்டுவதும்கூட ஒரு காலத்தில் அந்த அறையிலேதான் நடந்தன. 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் பின்லாந்தின் சௌனா வழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆசை இப்போது நம் மலைவாச ஸ்தலங்களுக்கும் வந்துவிட்டது.

ஆனால் இப்படி ஓர் அறை கட்ட நினைப்பவர்கள் என்னென்ன விசாரிக்கிறார்கள்? எந்த மரம் நல்லது? அடுப்பு விறகு அடுப்பா, மின்சார அடுப்பா? புகைக்குழாய் எவ்வளவு உயரம்? இவையெல்லாம் விசாரிக்க வேண்டியவைதாம். எனினும் எல்லாவற்றுக்கும் முன்னால் விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அறை எந்த மண்ணின்மேல் நிற்கப் போகிறது? "எட்டடிக்கு எட்டடி மரக்கூடு, இதற்குப் போய்க் கடைக்கால் எதற்கு? நான்கு செங்கல்லை வைத்து மேலே தூக்கி வைத்தால் போயிற்று!" என்று நினைப்பவர்களே அதிகம். சமவெளியில் இந்த எண்ணம் பாதி தவறு. மலைச் சரிவில் முழுத் தவறு.

எதிரி எது?

கடைக்கால் என்றதும் எல்லோருக்கும் எடைதான் நினைவுக்கு வருகிறது. முதலில் எடைக் கணக்கையே பார்ப்போம். எட்டடிச் சதுர மர அறை, கூரை, அடுப்பு, கற்கள், உள்ளே உட்காரும் நான்கு பேர் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால், 64 சதுர அடித் தரையில் ஒவ்வொரு சதுர அடிக்கும் 24 கிலோகூட விழாது. அறுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதன் நிற்கும்போது அவனுடைய இரண்டு பாதங்களும் சேர்ந்து அரைச் சதுர அடி இடத்தைத்தான் அடைக்கின்றன. அதாவது சதுர அடிக்கு 120 கிலோ! அறை மண்ணை அழுத்துவதைக் காட்டிலும் அதைக் கட்ட வந்த கொத்தனாரின் கால் ஐந்து மடங்கு அதிகமாக அழுத்துகிறது. சரிவில் ஓரடிச் சதுரப் பீடங்கள் ஆறு போட்டு, அவற்றின்மேல் அறையை நிறுத்தினாலும் சதுர அடிக்கு 250 கிலோதான். கெட்டியான மண் இதைப்போல் பல மடங்கு தாங்கும்.

ஆகவே, எதிரி எடை அல்ல, தண்ணீர்!

கோடைக்கானலில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் தன் பங்கைக் கொடுக்கிறது என்றாலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் கனமானது. எட்டடி அறைக்கு நான்கு பக்கமும் ஓரடி இறவாரம் விட்டால் கூரை நூறு சதுர அடி ஆகும். அந்தச் சின்னக் கூரையிலிருந்து மட்டும் ஓர் ஆண்டில் வழியும் தண்ணீர் ஏறக்குறைய 15,000 லிட்டர்! அத்தனையும் அறையின் காலடியிலேயே விழுகிறது. மேற்சரிவிலிருந்து மண்ணுக்கு மேலும் மண்ணுக்கு உள்ளும் இறங்கி வரும் தண்ணீர் தனி. அறைக்குள் கற்களின்மீது ஊற்றுவதும் குளித்துவிட்டுக் கொட்டுவதும் தனி.

தண்ணீர் மண்ணுக்குள் புகுந்தால் இரண்டு காரியங்களைச் செய்கிறது. மண்ணின் கனத்தைக் கூட்டுகிறது; மண்ணின் பிடிப்பைக் குறைக்கிறது. ஒரு கன மீட்டர் உலர்ந்த மண் ஒன்றரை டன்னுக்குச் சற்று அதிகமாக இருக்கும். அதுவே நனைந்து ஊறினால் இரண்டு டன் ஆகும். பாரம் கூடிய அதே சமயத்தில் துகளுக்குத் துகள் இருந்த இறுக்கமும் தளர்ந்தால் சரிவிலே என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

பழனி மலைக்கு மேற்கே, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு அது நடந்தது. பல நாள் கனமழையில் ஊறிய மலைச்சரிவு சேறாகி இறங்கித் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடிவிட்டது. எழுபது உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கச் சென்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நீலகிரியில் 1993 நவம்பரில் மரப்பாலத்திலும், 2009 நவம்பரில் குன்னூர், உதகை, கோத்தகிரிப் பகுதிகளிலும் இதே போன்ற மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. 2018 நவம்பரில் கஜா புயல் பழனி மலையைக் கடந்தபோது கோடைக்கானல் சாலைகளில் மரங்களும் மண்ணும் சரிந்து விழுந்தன.

பெருமழை கொண்டுவந்த இந்தப் பேரழிவுகளுக்கு ஒரு கொல்லைப்புற அறையைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் அவை கற்பிக்கும் பாடம் பெரிய கட்டடத்துக்கும் சின்னக் கட்டடத்துக்கும் ஒன்றுதான். மழை ஊறிய மண் மண்ணாக இராது. அதை வெட்டி, அதன் காலைத் தறித்து, அதன் தண்ணீர் வழியை அடைத்தவன் தன் அறையை மட்டும் இழப்பதில்லை. கீழ்ச்சரிவில் குடியிருப்பவனின் சுவருக்கும் உலை வைக்கிறான்.

பழையவர்கள் தேர்ந்த இடம்

பழனி மலையில் கட்டடம் கட்டியவர்களில் மிகப் பழையவர்கள் யார்? வெள்ளைக்காரர்கள் அல்லர். தாண்டிக்குடி, பேத்துப்பாறை முதலிய இடங்களில் இன்றும் நிற்கும் கல்திட்டைகளைக் கட்டியவர்கள்தாம். செங்குத்தாக நிறுத்திய பலகைக் கற்கள். மேலே ஒரு மூடுகல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெருங்கற்காலத்து மக்களின் வேலை இது. ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் 1928-இல் வெளியிட்டார்கள். செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் இந்த ஆராய்ச்சியின் பயனை இன்றும் காணலாம்.

இந்தக் கல்திட்டைகளில் பலவற்றுக்கு வானமே தோண்டப்படவில்லை! மண்மூடாத பாறைத் தளமாகப் பார்த்து அதன்மீதே கற்களை நிறுத்தியிருக்கிறார்கள். பாறை அமுங்காது, ஊறாது, அதன்மேல் விழும் மழை நிற்காமல் வழிந்து ஓடிவிடும். சிமெண்டும் இரும்பும் அறியாத அந்த மக்கள் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலையை முடித்துவிட்டார்கள்.

இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஏரியையே உதாரணமாகச் சொல்லலாம். இன்று படகு விடும் கோடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. சரிவுகளின் தண்ணீரெல்லாம் இறங்கித் தேங்கிய சதுப்பு நிலத்தை, மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை 1863-இல் கரை கட்டி ஏரியாக்கினார். மலையின் மடிப்புகளும் பள்ளங்களும் தண்ணீருக்குச் சொந்தம். சோலைக் காடுகள் அந்த மடிப்புகளில்தான் செழித்திருக்கின்றன. அங்கே கறுத்த மண்ணைப் பார்த்து, 'மெத்தென்று இருக்கிறதே!' என்று மகிழ்ந்து அறை கட்டுகிறவர் தண்ணீரோடு வழக்காடப் போகிறார் என்று பொருள். அந்த வழக்கில் இதுவரை தண்ணீர் தோற்றதில்லை.

சூரியனைப் பார்க்கும் பீடம்

மலைமேல் அசையாத கடைக்கால் வேண்டும் என்று கவலைப்பட்டவர்களில் விஞ்ஞானிகளும் உண்டு. 1876-ஆம் ஆண்டில் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்து லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். சூரியனில் நிகழும் மாறுதல்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அதன் பிறகு வலுத்தது. சூரியனை ஆராய ஓர் இடம் தேடிய மிச்சி ஸ்மித் என்ற அறிஞர் கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895-இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1899-இல் வேலை தொடங்கியது. கடல் மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்த ஆராய்ச்சிக் கூடத்தில்தான் 1909-இல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் பாயும் விதத்தைக் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே 'எவர்ஷெட் விளைவு' என்று வழங்குகிறது.

1960-ஐ ஒட்டி அங்கே சுரங்கத் தொலைநோக்கி ஒன்று அமைக்கப்பட்டது. பதினோரு மீட்டர்க் கோபுரத்தின் உச்சியிலுள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே இறக்குகின்றன. அது தரைக்கு அடியில் 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே சென்று 34 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரிய பிம்பமாக விழுகிறது. கண்ணாடி மயிரிழை ஆடினாலும் பிம்பம் ஆடிவிடும்.

தொலைநோக்கிகளை நிறுவுவோர் உலகெங்கும் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. கருவி நிற்கும் பீடத்தைக் கட்டடத்தின் தரையோடு சேர்த்துக் கட்டமாட்டார்கள். பீடத்துக்குத் தனிக் கடைக்கால், தரைக்குத் தனிக் கடைக்கால், நடுவில் இடைவெளி. ஆள் நடக்கும் அதிர்ச்சி கருவிக்குப் போகக் கூடாது என்பது நோக்கம்.

சூட்டறை கட்டுகிறவருக்கும் இந்த விதி பயன்படும். அறையின் மற்ற பாகமெல்லாம் இலேசான மரம். ஆனால் அடுப்பும் கற்களும் சேர்ந்து ஒரு மூலையில் மட்டும் கனம் ஏறி நிற்கும். செங்கல் மேடையும் வெப்பம் தடுக்கும் சுவரும் வைத்தால் இன்னும் கூடும். கனமான பக்கம் முதலில் அமுங்கும். அப்படி அமுங்கினால் தரை சாயும், கதவு பிடிக்கும், புகைக்குழாய் கூரையோடு சேருமிடத்தில் விலகும். புகைக்குழாய் விலகினால் தீ விபத்துக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை. ஆகவே, செங்கல் மேடையோடு அமையும் கனத்த அடுப்புக்குத் தரையோடு ஒட்டாத தனிப் பீடம் வைப்பதே விவேகம்.

மண்ணைப் படிக்கும் விதம்

வேலையைத் தொடங்குமுன் ஒரு மழைக்காலம் முழுவதும் இடத்தைப் பார்த்துக் கொண்டிருப்பது உத்தமம். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே புதிதாக ஊற்றுக் கிளம்புகிறது என்பதை அடைமழையைப் போல் வேறு யாரும் காட்டமாட்டார்கள். மரங்களும் சொல்லும். அடிமரம் வில்போல் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள் ஒரு சரிவில் நிறைய இருந்தால், அங்கே மண் மெல்ல மெல்ல நகர்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். சாய்ந்த வேலிக்கால்களும், பிறைபோல் வெடித்த தரையும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. இவற்றைக் கண்டால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுப் பொறியியல் அறிந்தவரை அழைக்க வேண்டும்.

பெரிய யூகலிப்டஸ் மரத்தின் அருகிலும் அறை வேண்டாம். அது நிலத்திலிருந்து நிறையத் தண்ணீரை உறிஞ்சும், புயலில் முறியும். காய்ந்த இலையோ தீப்பொறிக்குக் காத்திருக்கும். அதை வெட்டிவிட்டால் ஆயிற்று என்பதும் சரியல்ல. வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகளில் மக்கிப்போகும். அதுவரை மண்ணைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துவிடும்.

வேலை நடக்கும் முறை

தை முதல் பங்குனி வரை மழை குறைந்த காலம் வேலைக்கு ஏற்றது. முதலில் வேரும் இலைமக்கும் கலந்த மேல்மண்ணை முழுவதும் அகற்றவேண்டும். கோடைக்கானலில் அது கறுப்பாகவும் பஞ்சுபோலவும் இருக்கும். செடிக்கு நல்லது, கட்டடத்துக்கு ஆகாது. அதன் கீழே கன்னி மண் தென்படும். அதுவே கடைக்கால் நிற்க வேண்டிய இடம்.

சரிவிலே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. மேல்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி, 'சமதளம் கிடைத்துவிட்டது' என்று அதன்மேல் கட்டுகிறார்கள். பாதி அறை வெட்டிய தரையிலும் பாதி அறை கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. முதல் மழையிலேயே கொட்டிய பாதி அமுங்கும். அறை நடுவில் விரியும். இந்த மாதிரிச் சமதளத்தை விட, சரிவை அதிகம் வெட்டாமல் கால்கள்மேல் அறையை நிறுத்துவது மேல். கீழ்ப்பக்கக் கால்கள் உயரமாகவும் மேல்பக்கக் கால்கள் குட்டையாகவும் இருக்கட்டும். தரை மட்டமாக இருந்தால் போதும்.

ஒவ்வொரு காலுக்கும் கன்னி மண்ணில் ஒன்றரை அடிக்குக் குறையாமல் குழி வேண்டும். குழியின் அடி மட்டமாக இருக்கவேண்டும். சரிவுக்குத் தக்கபடி சாய்வாக இருக்கக் கூடாது. நீளமான வானமாக இருந்தால் படிப்படியாக இறக்க வேண்டும். கீழ்ப்பக்கப் பீடத்தின் ஓரத்துக்கும் வெளியே தெரியும் சரிவுக்கும் நடுவே மூன்றடி மண்ணாவது இருக்கட்டும். பின்லாந்தில் பனி தரைக்குள் ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கி மண்ணை உப்பச் செய்வதால் அவர்கள் அதற்கென்று தனி ஏற்பாடு செய்கிறார்கள். நம் மலையின் உறைபனி புல்நுனியோடு சரி. வெயில் வந்ததும் போய்விடும். அந்தக் கவலை நமக்கு இல்லை.

குழியின் அடியைத் திமிசால் நன்றாக இடித்து, நாலைந்து அங்குலம் ஜல்லி பரப்பி, அதன்மேல் காங்கிரீட்டோ கருங்கல் கட்டுமானமோ எழுப்பலாம். மண் நிரப்பியே தீரவேண்டிய இடமாக இருந்தால் ஆறு ஆறு அங்குலமாக நிரப்பி, ஒவ்வொரு படுகையையும் தனித்தனியே இடிக்க வேண்டும். இரண்டடி மண்ணை ஒரே தடவையில் கொட்டி மேலே இடித்தால் மேல்புறம்தான் இறுகும். அடிமண் பொலபொலவென்றே கிடக்கும்.

பீடங்கள் சதுரமாக அமைந்தனவா என்று அறியச் சுலபமான வழி உண்டு. மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடிக்கவேண்டும். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் சரி. மட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. இரசமட்டம் அருகருகே பார்க்க உதவும். எட்டடி தூரத்துக்குக் குழாயில் நிற்கும் தண்ணீர்தான் நம்பிக்கையான சாட்சி.

மரம் மண்ணைத் தொடவே கூடாது. பீடத்தின்மேல் இரும்புத் தாங்கி வைத்து, தரைக்கு ஓரடி உயரத்திலாவது உத்தரக்கட்டை அமர வேண்டும். அடியில் காற்று புகுந்து வெளிப்பட்டால் பலகை உலரும். அடைத்துவிட்டால் உளுத்துவிடும், கறையானும் வரும்.

இனித் தண்ணீர் விஷயம். அறைக்கு மேல்பக்கத்தில் பிறைபோல் ஒரு வாய்க்கால் வெட்டி, சரிவில் வரும் தண்ணீரை இரு பக்கமும் திருப்பிவிட வேண்டும். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் உழவர்களுக்கு இந்த வித்தை தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கோடைக்கானல் மலைப்பூண்டு விளைவது அந்த வயல்களில்தான். கூரைத் தண்ணீரைத் தகரக் காலில் பிடித்துக் குழாய் வழியே தொட்டிக்குக் கொண்டுபோகலாம். பதினையாயிரம் லிட்டரை மண்ணில் விட்டுத் தொல்லைப்படுவானேன்? அறையின் உள்தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் விட்டு, கழிவுநீரைக் குழாயில் இறக்கி, கீழ்ச்சரிவில் தள்ளி அமைத்த உறிஞ்சு குழியில் விடவேண்டும். ஓடையில் விடுவது கூடவே கூடாது.

தாங்குசுவர் தேவைப்பட்டால் அதில் நீர்க்கண்கள் அவசியம். சுவரின் பின்னால் ஜல்லி நிரப்பாமல், நீர்க்கண்ணும் வைக்காமல் சிமெண்டுப் பூச்சால் அழகாக மூடிய சுவர், தண்ணீருக்குக் கட்டிய அணையாகிவிடும். அந்த அணை உடையும் நாளைத்தான் யாராலும் சொல்ல முடியாது.

அனுமதி எதற்கு?

கோடைக்கானல் மலைப்பகுதியில் கட்டடம் கட்டுவதற்கும், இயந்திரம் கொண்டு சரிவை வெட்டுவதற்கும் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். மலைப்பகுதிகளைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் தனி ஆணையமும் விதிகளும் உண்டு. 'கொல்லையில் ஒரு குளியல் அறைக்கும் இதெல்லாமா?' என்று சலித்துக் கொள்வோர் உண்டு. நகராட்சியில் விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குவதே நல்லது.

ஏனென்றால் மலையில் ஒருவருடைய நிலம் அவருடைய வேலியோடு முடிவதில்லை. சமவெளியில் அடுத்த வீடு பக்கத்தில் இருக்கிறது. மலையிலோ அது தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருக்கிறது. மேல்வீட்டுக்காரர் திருப்பிவிட்ட தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் அடுக்களைக்குள் வரும். கீழ்வீட்டுக்காரர் வெட்டிய மண் மேல்வீட்டுக்காரரின் வாசலை இழுக்கும். ஆகவே, வாய்க்கால் எங்கே முடிகிறது என்பதைக் கீழே குடியிருப்பவரையும் அழைத்துக் காட்டிவிட்டு வெட்டுவதே முறை.

கடைக்காலுக்குச் செலவிடும் பணம் கண்ணுக்குத் தெரியாது. பளபளக்கும் பலகையையும் அடுப்பையும் பார்த்து விருந்தினர் புகழ்வார்கள். மண்ணுக்குள் கிடக்கும் ஜல்லியை யாரும் புகழமாட்டார்கள். ஆனாலும், கார்த்திகை மாதத்து அடைமழையில், வெளியே காற்று ஊளையிடும்போது, உள்ளே கதகதப்பாக உட்கார்ந்திருப்பவர் கவலையின்றிக் கண்ணை மூடலாமா என்பதை அந்த ஜல்லியும் அந்த வாய்க்காலும்தான் தீர்மானிக்கின்றன. அவருடைய தூக்கத்தை மட்டுமல்ல, கீழ்ச்சரிவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் குடும்பத்தின் தூக்கத்தையும்தான்.